ஏணிக்கு மேல் ஒரு பரண்

கல்யாணமான புதிதில் என் கணவரின் முகத்தைவிட அவருடைய பாதங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். பல்லடத்துக்கு அந்தண்டை எங்கள் வீடு. மாடி அறைச் சன்னலைத் திறந்தால் வாசலுக்கு அப்பால் எங்கள் பருத்தி அரவைக் கொட்டகை. அதன் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, காற்றுக்காக நீளமாக ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். அதன் வழியே தெரிவது இரட்டை ஏணியின் மேல்படிகள் மட்டும்தான். படியின் மேல் இரண்டு குதிகால்கள். அதற்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. அதற்கும் மேலே சுவர் மறைத்துவிடும்.

அந்தப் பாதங்களைச் சுற்றிப் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். கூரைக் கண்ணாடி வழியாக மத்தியான வெயில் இறங்கும்போது கொட்டகைக்குள் இருக்கிற காற்றே வெள்ளையாகிவிடும். ஏணி அதில் கரைந்துபோய், பாதங்கள் மட்டும் எதன்மேலும் நிற்காமல் மிதப்பதுபோல இருக்கும். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். எஞ்சினின் டுக்கு டுக்குச் சத்தத்தைக் கேட்டாலே கண் செருகும். விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

அப்படி ஒரு மத்தியானம் பார்த்துக்கொண்டிருந்தேன். குதிகால்கள் மெல்லத் திரும்பின. இப்போது கால்விரல்கள் என்னைப் பார்த்தன. மடித்த வேட்டி அவிழ்ந்து திரைபோல இறங்கி விரல்களை மூடியது. அடுத்த நொடி அந்தத் திறப்பில் ஒன்றுமே இல்லை. பஞ்சு மட்டும் பறந்துகொண்டிருந்தது.

ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கனவுதான் என்று நினைத்துக்கொண்டு சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தேன். சற்று நேரம் கழித்து நான்கு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

எப்போதும் நிற்கிற பிள்ளை

மணிக்கட்டு முறிந்திருந்தது. வைத்தியர் வந்து மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். வலியில் வியர்த்துக் கிடந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அம்மிணி, எஞ்சினை நிறுத்திட்டாங்களா?" என்பதுதான்.

அவருடைய பெயரை இந்தத் தொடரில் ஏன் எழுதுவதில்லை என்று இரண்டு வாசகிகள் கேட்டிருந்தீர்கள். இந்த வயதிலும் வாய் வரவில்லை, என்ன செய்வது. பேனாவுக்கும் வரவில்லை.

கோயமுத்தூரில் ஒரு மில்லில் சில காலம் இருந்து இயந்திர வேலை பழகியவர் அவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது இது. பைகாரா கரண்டு கோயமுத்தூர் மில்லுகளுக்கு வந்துவிட்டது, எங்கள் பக்கம் வரவில்லை. எண்ணெய் எஞ்சின் ஒன்றை வாங்கி, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் இயந்திரங்களை வரிசையாகப் போட்டு, தன் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கொட்டகையை உண்டாக்கினார். தோல் பெல்ட்டுகள் வழியாக எல்லா இயந்திரங்களையும் சுற்றவைப்பது கூரைக்குக் கீழே ஓடும் ஒரு நீள இரும்புத் தண்டு. ஷாப்ட்டு என்பார்கள். அது உட்கார்ந்து சுற்றும் பேரிங்குகளுக்கு நேரத்துக்கு எண்ணெய் விட வேண்டும். பஞ்சுக்கு நடுவே சூடு ஏறினால் தீ பிடித்துவிடும் என்பதால் அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடமாட்டார்.

மாமா, அதாவது என் மாமனார், தோட்டமும் மாடுமாக வாழ்ந்த மனிதர். பண்ணைக்கு உடையவர் என்பதால் ஆட்கள் அவரைப் பண்ணாடி என்பார்கள். தலையில் வெள்ளை உருமால், கையில் குடை. சாப்பிட்டு எழுந்ததும் கொட்டகைக்கு ஒரு நடை போவார். வாசல் காவலாள் தூரத்தில் பார்த்ததுமே, "பண்ணாடி வாராருங்க" என்று உள்ளே குரல் கொடுத்துவிடுவான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னது பக்கத்து அறையில் கிடந்த மகனுக்கும் கேட்டது.

"எப்பப் போனாலும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்ல. இப்ப ஏணியில வெளையாடி உளுந்தும் போட்டான்."

"அவன் மேல கெரகம், உடுங்க," என்றார் அத்தை.

"தை வரைக்கும் பாக்கறேன். திருப்பூர்க்காரரு அரவையைக் குத்தகைக்குக் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. அப்பவும் இவன் இப்படியே நின்னாலுஞ் செரி, அதுக்குள்ள இன்னொருக்கா ஆராச்சும் அந்த ஏணியில இருந்து உளுந்தாலுஞ் செரி, அவருகிட்டக் குடுத்துப்போட்டு, இவனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

என் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையைவிட அந்த முதுகைப் பார்க்கத்தான் எனக்குத் தாளவில்லை. மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய? நான் அவர் எதிரில் நின்று பேசுகிற வழக்கம்கூட அந்த வீட்டில் இல்லை.

செருப்புப் போட்ட ஏணி

எல்லாருக்கும் ஏணிமேல்தான் சந்தேகம். கோயமுத்தூர்க் கோட்டைமேட்டிலிருந்து மைதீன் ராவுத்தரை வரவழைத்தார்கள். எங்கள் வீட்டு அலமாரிகளைச் செய்தவர். வாய் ஓயாத மனிதர், கையும் ஓயாது.

பழைய ஏணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். உருட்டுக் கம்புப் படிகள். அதில் எண்ணெயும் பஞ்சும் சேர்ந்து வழவழப்பு. இரண்டு பக்கக் கால்களும் அகன்று போகாமலிருக்க நடுவில் ஒரு கயிறு.

"இந்தக் கயித்த நம்பி ஒரு மனுசன் மேல ஏறுனாருங்களா? நானா இருந்தா இது பக்கத்துலகூட நின்னுருக்க மாட்டனுங்க."

புது ஏணி அழகாக வந்தது. உள்ளங்கால் முழுக்கப் பதியும் தட்டைப் படிகள். கயிற்றுக்குப் பதில் இரண்டு பக்கமும் இரும்புக் கொக்கி. மேலே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, எண்ணெய்ப் பாத்திரம் மாட்ட ஒரு வளையம். கால்கள் வழுக்காமலிருக்க அடியில் தோல் வைத்து ஆணி அடித்தார். ஆட்களெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் கொட்டகையில் ஏணி மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

போன மாதம் என் பேரன் வீட்டில் ஓர் அலுமினிய ஏணியைப் பார்த்தேன். ராவுத்தர் யோசித்ததெல்லாம் அதில் இருக்கிறது. கொக்கி, அகலப் படி, காலுக்கு ரப்பர், கைப்பிடி, எல்லாம். கடைசிப் படிமேல் நிற்காதே என்று எழுதியும் ஒட்டியிருக்கிறார்கள். ஏறுகிறவனை நினைத்து நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை ஏறும்போது விழுந்தவர்கள் குறைவு. இறங்கும்போதுதான் விழுகிறார்கள், அதுவும் அவசரமாக இறங்கும்போது. எதற்காக அவசரம் என்பதை ஏணி செய்கிறவன் எப்படி அறிவான்?

குதிகாலும் விரலும்

மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. கூடிய மறுநாளே அவர் ஏணி ஏறிவிட்டார்.

நானும் என் சன்னலுக்குத் திரும்பினேன். இம்முறை தூக்கம் வரவில்லை, பயம்தான் இருந்தது. அவர் வேலை செய்யும்போது எனக்குக் குதிகால்கள் தெரியும். ஏணியைப் பார்த்து நிற்கிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு மத்தியானமும் ஒரு நேரத்தில் அந்தப் பாதங்கள் திரும்பும், விரல்கள் தெரியும், வேட்டி இறங்கும். அதற்குச் சற்றுப் பின்னால் மாமாவின் வெள்ளை உருமால் வாசலைக் கடந்து கொட்டகைக்குள் போகும்.

முதலில் பாதம் திரும்புகிறது, பிறகு உருமால் போகிறது. ஒரு நாள்கூட இந்த வரிசை மாறவில்லை. காவலாளின் குரல் கேட்டதும் அப்பாவுக்காக இறங்குகிறார்.

அந்த வாரமே ஒரு நாள், திரும்பிய பாதம் வேட்டி நுனியை மிதித்துவிட்டது. கால்கள் படியை விட்டுச் சரிந்ததைப் பார்த்தேன். என் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டேன். கைப்பிடி புண்ணியத்தில் அவர் தொங்கித் தப்பித்தார், எண்ணெய்ப் பாத்திரம் மட்டும் கீழே போனது. உள்ளே வந்த மாமா பார்த்தது தரையெல்லாம் எண்ணெயும், நடுவில் கைகட்டி நிற்கும் பிள்ளையும்தான். "ஒரு பாத்திரத்தப் புடிக்கத் தெரியல," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாராம்.

அன்று என் கணவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, மேல இருக்கறப்ப மாமா வந்தா அப்படியே நின்னுக்கிட்டா என்னங்க?"

நான் ஏதோ தகாததைச் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தார். "எங்கய்யன் தலைக்கு மேல காலை வெச்சுக்கிட்டு நிக்கச் சொல்றயா அம்மிணி?"

"செரிங்க. எறங்கறப்ப ஏணியப் பாத்து எறங்கலாமுல்லீங்க?"

"அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"வேட்டியாச்சும் மடிச்சபடியே இருக்கட்டுமுங்க."

"மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்பன் முன்னால ஆராச்சும் நிப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. மாமா தாழ்வாரத்தில் வந்தால் நானே கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறவள்தான். என்ன, எனக்குக் கீழே தரை இருந்தது.

ராவுத்தர் வேறு வேலையாக வந்தபோது மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டார்.

"அம்மணி, மரத்துல என்ன கேட்டாலும் செஞ்சு தாரனுங்க. மரியாதையில ஆணி அடிக்க எனக்குத் தெரியாதுங்களே."

ஆனைமலைப் பக்கம்

நான் பிறந்தது ஆனைமலைக்குப் பக்கத்தில். மலையடிவாரம் என்பதால் வயலுக்குள் பன்றி வரும், சமயத்தில் யானையும் வரும். மரக்கால்கள் நட்டு, உயரத்தில் பரண் கட்டிக் காவல் இருப்பார்கள். பொழுது சாயும் நேரத்தில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போவார். பரண்மேல் காவலாள் உட்கார்ந்திருப்பான். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பேசுவார். அவன் மேலே இருந்தபடியே பதில் சொல்வான். எங்கள் ஊரில் அப்பாவுக்கு இருந்த மரியாதைக்கு அவன் உருண்டு விழுந்து இறங்கியிருக்க வேண்டும். ஆனால் பரணிலிருந்து அவன் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அது அவன் இருக்க வேண்டிய இடம், அவ்வளவுதான்.

நெல் பால் பிடிக்கிற வாசனையும், மலைமேல் கறுத்துக்கொண்டு வரும் வானமும், அந்தக் காவலாள் நீட்டி முழக்கிப் பேசுகிற குரலும் சன்னலோரத்து அரைத் தூக்கத்தில் எனக்கு வந்துகொண்டே இருந்தன. ஒரு மத்தியானம் அந்தப் பரண் வயலை விட்டுவிட்டு எங்கள் கொட்டகைக்குள் வந்து நின்றது. அதன்மேல் மாமா. உருமாலும் குடையுமாக, வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

விழித்துக்கொண்டேன். மகனை இறங்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவை ஏற்றி வைத்துவிட்டால்?

கதவுக்குப் பின்னால் இருந்து

மறுநாள் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாமா."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. "என்ன அம்மணி?"

"கொட்டகைக்குள்ள ஒரு பரண் போட்டா நல்லா இருக்குமுங்க."

"பரணா? அங்க என்ன பன்னியா வருது?"

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் விடவில்லை.

"மேல உக்காந்தா எல்லா மிசினும் ஒரே பார்வையில தெரியுமுங்க. நின்னுக்கிட்டே பாக்கறதுல உங்களுக்குக் காலு வலிக்குதுன்னு அத்தை சொன்னாங்க. ஏணியை விட ஒசரமா இருக்கோணுமுங்க."

"அதென்ன கணக்கு, ஏணியை விட ஒசரம்?"

"அப்பத்தான் பெல்ட்டு மறைக்காதுங்க."

பெல்ட்டு மறைக்கும் என்பது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மாமா மோருக்குக் கையேந்தினார். ஊற்றும்போது அத்தை என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். கை கழுவப் போகும்போது, "ராவுத்தருக்கு ஆள் அனுப்புங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ராவுத்தருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டாத குறைதான். கொட்டகையின் ஓரத்தில் தேக்குக் கால்கள் நட்டுப் பரண் எழும்பியது. அதற்கு ஏணி வைக்காமல் படிக்கட்டே கட்டினார். அகலமான படி, இரண்டு பக்கமும் கைப்பிடி.

"இதுல நேராப் பாத்துக்கிட்டே எறங்கலாமுங்க பண்ணாடி. வேட்டியும் தடுக்காது," என்று அவர் சொன்னபோது மாமாவுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டிருக்கும்.

மோர்

பரண் மாமாவுக்குப் பிடித்துப் போனது. சாப்பிட்டதும் போய் உட்கார்ந்துவிடுவார். என் கணவர் கீழே நின்று ஒரு கும்பிடு போடுவார், மாமா தலையசைப்பார், பிறகு இவர் ஏணி ஏறுவார். அப்பா தன்னைவிட உயரத்தில் இருக்கும்போது இறங்குவதற்கு என்ன அவசியம்? சன்னலிலிருந்து எனக்குக் குதிகால்கள் மட்டுமே தெரிந்தன. நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் தை நெருங்கிக்கொண்டிருந்தது. இனி யாரும் விழமாட்டார்கள் என்றாலும், பிள்ளை வேலை செய்யாதவன் என்ற எண்ணம் மாமாவுக்கு அப்படியே இருந்தது. பரண்மேல் உட்கார்ந்தவர் முதல் சில நாட்கள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டை வருகிறதா, ஆட்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்களா என்று. திருப்பூர்க்காரர் வரப்போகிற நாளும் பேச்சில் அடிபட்டது.

ஒரு மத்தியானம், ஆளிடம் கொடுத்தனுப்பும் மோரை நானே எடுத்துக்கொண்டு போனேன். நிறைந்த வயிற்றோடு அந்தப் படிகளில் ஏறினேன். ராவுத்தர் கைவேலை, ஒரு படிகூட அசையவில்லை.

பாதி ஏறும்போதே கொட்டகை வேறு உலகமாகிவிட்டது. பஞ்சு கீழே இருந்து மேலே பெய்வதுபோல வந்தது. வெயில் அதில் ஊறி நின்றது. ஆட்களின் பேச்செல்லாம் அடியில் எங்கோ போய்விட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது.

மாமா என்னை ஏன் ஏறி வந்தாய் என்று கேட்கவில்லை. நான் வந்ததையே அவர் பார்க்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே அவருடைய மகன். ஏணியின் மேல், ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோணலாகக் கூடிய மற்றக் கையைச் சுழலும் தண்டுக்கு அடியில் நீட்டி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தோளுக்கு அடுத்தாற்போல பெல்ட்டு பறந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. தண்டின்மேல் காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் எட்டினார்.

மாமாவின் கை பரண் விளிம்பைப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

"அம்மணி, இது தெனமுமா?"

"ஆமாங்க மாமா. காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா."

"நான் ஒரு நாளும் பாத்ததில்லயே."

"நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சா எறங்கிருவாருங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப, அன்னைக்கு உளுந்தது?"

நான் மோரை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பஞ்சுக்குள் அந்த வெள்ளை உருமால் மூழ்கி, மறுபடி ஏணியடியில் தெரிந்தது.

என் கணவர் குனிந்து பார்த்தார். அப்பா கீழே நிற்கிறார். அவ்வளவுதான், பாதங்கள் திரும்பத் தொடங்கின. கை வேட்டிக்குப் போனது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இரு சாமி," என்றார் மாமா. "எறங்காதே. கட்டுன வேட்டி கட்டுனபடி இருக்கட்டும்."

"ஐயா, நீங்க கீழ நிக்கறீங்களே."

"நின்னா என்ன? நீ வேலையப் பாரு."

குடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டார். மகனின் கால்கள் அவர் உருமாலுக்கு மேல் நின்றன. கொட்டகையில் இருந்த ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். மேலே நின்றவர் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஞ்சைத் துடைத்தார் என்று பிற்பாடு என்னிடம் சாதித்தார். நானும் நம்பினதாகவே காட்டிக்கொண்டேன்.

திருப்பூர்க்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது அன்று சாயங்காலம்தான். எனக்கு அது மத்தியானமே முடிந்துவிட்ட சங்கதி. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எண்ணெய் விட்டு முடிந்தது. மாமா அண்ணாந்து பார்த்தார்.

"இன்னும் எத்தன இருக்குது?"

"நாலு இருக்குதுங்கய்யா."

"செரி, எறங்கு. ஏணியப் பாத்து, மெதுவா எறங்கு."

அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் கணவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்து திரும்பியபோது, மாமா ஏணியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்த பேரிங்கைப் பார்த்து நின்றிருந்தார்.